அந்தம்மா நாலு தடவை நிரப்பிய ஃபார்ம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டாசு விபத்தில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகளுக்கு நம் பழைய மாணவர்கள் சேர்ந்து படிப்புச் செலவு கொடுப்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் விண்ணப்பத்தை இணையத்தில் வைத்தார்கள். செய்தவன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன், இப்போது சென்னையில் வேலை. காசு வாங்காமல் ராத்திரி கண்விழித்துச் செய்தான்.

போன வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு வந்த ஒரு அம்மா, கையோடு என் வீட்டுக்கும் வந்தார். ஏதோ ஒரு கட்டம் சிவப்பாகிறதாம், உடனே மற்ற எல்லாக் கட்டமும் வெறுமையாகிவிடுகிறதாம். "சார், அவுக இறந்த தேதிய நாலு தடவ அடிச்சிட்டேன்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவே பையனைப் பிடித்தேன். பத்தாம் வகுப்பு நாமினல் ரோல் எழுதியே கை தேய்ந்தவன் நான், ஃபார்ம் எனக்குப் புதிதில்லை. வீடியோ காலில் திரையைக் காட்டி விளக்கினான்.

அவன் பயன்படுத்துவது லாரவெல். பி.எச்.பி. மொழியில் இணையதளம் கட்டுவதற்கான சட்டகம். அதில் பக்கத்தின் வார்ப்புருவுக்குப் பெயர் பிளேடு. ஃபார்மை அதற்குள்ளேயே நேராக எழுதிவிடலாம். லாரவெல் 4-ல் ஒரு வரி எழுதினால் கட்டத்தை அதுவே வரையும், தப்பு வந்தால் முன்பு அடித்ததை அதுவே திரும்ப நிரப்பியும் தரும். 2015-ல் வந்த 5-ம் பதிப்பில் அந்த வசதியை மூலத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது வெறும் எச்.டி.எம்.எல். கட்டங்களையே எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் ஒவ்வொரு கட்டத்திலும் 'ஓல்ட்' என்று நாமே கேட்க வேண்டும். அடித்ததெல்லாம் சர்வரில் பத்திரமாகத்தான் இருக்கிறது, அடுத்த ஒரு பக்கம் வரைக்கும். கேட்டால்தான் தரும். இவன் கேட்கவில்லை.

சரி, சிவப்பானது எந்தக் கட்டம்? 'லாஸ்ட் நேம்'! நம் ஊரில் யாருக்கடா லாஸ்ட் நேம்? அந்தம்மா இனிஷியலாக 'க' அடித்திருக்கிறார். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று விதி. இதில் வேடிக்கை, 'மு' என்று அடித்திருந்தால் போயிருக்குமாம். மகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என்று கம்ப்யூட்டர் இரண்டாக எண்ணுகிறது. தொல்காப்பியர் கேட்டால் என்ன சொல்வார்!

இன்னொன்றும் இருந்தது. பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அனுப்பினால் '419, காலாவதி' என்று வரும். வெளியாள் நம் பெயரில் அனுப்பிவிடாதபடி ஒரு ரகசிய முத்திரை ஃபார்முக்குள் இருக்கிறது, அதன் ஆயுள் அவ்வளவுதான். கம்பெனி வேலைக்கும் அடுப்படிக்கும் நடுவில் நிரப்புகிறவர்களுக்கு இரண்டு மணி நேரம் எந்த மூலைக்கு? எட்டு மணி நேரமாக்கச் சொன்னேன்.

லாஸ்ட் நேம் போய்விட்டது. 'ஓல்ட்' எல்லாக் கட்டத்திலும் வந்துவிட்டது. 'தந்தை தொழில்' இப்போது கட்டாயமில்லை. இறப்புச் சான்றிதழ்ப் படத்தை மட்டும் பிரவுசர் திரும்ப நிரப்பாது, பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் அதைக் கடைசியில் தனிப் பக்கமாக்கினான்.

போனில் அடிக்கத் தெரியாதவர்களை வருகிற சனி, ஞாயிறு காலை 10 மணிக்கு இருக்கன்குடியில் என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஆதார், இறப்புச் சான்றிதழ், பள்ளி போனபைடு, பாஸ்புக் கொண்டுவந்தால் போதும். நான் அடித்துத் தருகிறேன்.