தலைமன்னார் வழியாக

பொல்காவலைச் சந்திப்பில் இரவு மெயிலைப் பிடித்து, கண்ணயர்ந்தும் விழித்தும் மதவாச்சிக் காடுகளைக் கடந்து, பொழுது புலரும் வேளையில் மன்னார்த் தீவின் பெருக்க மரங்களும் அவற்றடியில் அசையாது நின்ற கழுதைகளும் கண்ணில் படவே, மலைநாடு எங்களை விட்டு நெடுந்தூரம் விலகிவிட்டது நிச்சயமாயிற்று. தேயிலைத் தோட்டங்களில் ஊழியம் செய்யத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளந்தம்பதிகளாகப் புறப்பட்டுச் சென்ற நாங்கள், அவ்வூழியத்தை வேறொருவர் கையில் ஒப்புவித்துவிட்டுச் சுதேசம் திரும்பிக்கொண்டிருந்தோம்.

தலைமன்னார்த் துறையின் சுங்கச் சோதனையில் துணிமணி, பாத்திரம், தேயிலைப் பொட்டலம் ஆகிய யாவும் ஆட்சேபமின்றித் தேறிவிட்டன. அகப்பட்டுக்கொண்டது என் மனைவியின் ஆர்மோனியந்தான். தங்கம் கடத்துவோர் மலிந்துவிட்ட காலமாதலால் உத்தியோகஸ்தர் துருத்தியை விரித்துப் பார்த்தார். கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். ஒன்று மட்டும் ஊமையாயிருக்கக் கண்டு அவருடைய சந்தேகம் பலப்பட்டது.

"இது மாத்திரம் ஏன் பேசவில்லை?"

"மலை ஈரத்தில் நாக்கு களிம்பேறிப் போயிற்று, ஐயா. அதை விட்டுவிட்டே வாசித்துப் பழகிவிட்டேன்."

"எங்கே, வாசியுங்கள்."

டிரங்குப் பெட்டியின்மீது அமர்ந்து அவள் ஒரு கீர்த்தனையை வாசிக்கத் தொடங்கினாள். வரிசையில் நின்ற தோட்டத்து ஜனங்களில் சிலர், அவர்களில் விபூதி தரித்தவர்களுங்கூட, பள்ளியில் கற்ற பழக்கத்தால் உடன் பாடினார்கள். இரண்டாம் சரணத்துக்குக் காத்திராமல் உத்தியோகஸ்தர் சாக்குக்கட்டியால் குறியிட்டு எங்களை அனுப்பிவிட்டார்.

'இர்வின்' கப்பல் தனுஷ்கோடிக்குக் கடக்கவேண்டிய தூரம் ஏறத்தாழ 22 மைல். கப்பல் பிரயாணம் என்று சொல்லிக்கொள்ளவும் கூச்சமான தூரம். ஆனால் காப்பித் தோட்டக் காலத்தில் இதே நீரைத் தோணிகளில் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலேயே மாண்டவர்களின் கதையை, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வாயால் லயங்களில் கேட்ட எனக்கு அது அற்பமாகத் தோன்றவில்லை. 1869-க்குப் பின் இலைநோய் கண்டு காப்பி அழிந்தது, தேயிலை வந்தது, ஜனங்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. அவர்களுக்கென்று தமிழ்க் கூலி மிஷன் ஸ்தாபிக்கப்பட்டது 1854-இல். ஊழியக்காரன் முன்னே சென்று வழிகாட்டினான் என்று எழுதுவது எங்களவர்க்கு வழக்கம். உள்ளதைச் சொன்னால், முன்னே போனவன் கங்காணி, அவன் பின்னே கூலிகள், அவர்களுக்கும் பின்னேதான் நாங்கள்.

மேல்தட்டில் எங்களருகே வந்து அமர்ந்த மூதாட்டி ஒருத்தி முசிறிப் பக்கத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகிறவள். 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்துத் தமிழரில் பெரும்பாலாரை எந்நாட்டுப் பிரஜையுமல்லாதவராக்கிவிட, மறு ஆண்டு வந்த சட்டத்தின்கீழ் அவள் மகன் மனுச் செய்திருந்தான்.

"டீச்சரம்மா, மவன் பெட்டிசனு விசாரணைக்கு வந்தா, புது ஐயாவைக் கூடப் போகச் சொல்லுங்க. அவனுக்கு நாலு பேர் முன்னால பேச வராது" என்றாள்.

தனுஷ்கோடியில் ஆண்கடலிலும் பெண்கடலிலும் நீராடிய யாத்ரீகர்கள் ஈர வஸ்திரத்தோடு ரயிலில் ஏறி எங்கள் படுக்கைகளையும் நனைத்தார்கள். பாம்பன் பாலத்தின் 146 கண்களையும் வண்டி ஊர்ந்து கடந்தது. அக்கரையில் மண்டபம் முகாம் வந்தபோது மூதாட்டி ஜன்னலுக்கு வெளியே விரல் நீட்டினாள். 1939-இல் இந்திய சர்க்கார் கூலிகள் இலங்கை செல்வதைத் தடுக்கும்வரை, போகிறவர்களைச் சில நாட்கள் அடைத்துவைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று கண்டபின்பே கப்பலேற்றிய இடம் அது. சிறுமியாக அங்கே தங்கியிருந்தபோது கழுத்தில் கட்டிய தகர வில்லையில் தன் தோட்டத்து எண் பொறித்திருந்தது என்றாள். அந்த எண்ணையும் தயங்காமல் சொன்னாள்.

மானாமதுரையில் நாங்கள் மட்டும் இறங்கினோம். மதுரை வண்டிக்கு வெகுநேரம் இருந்தது. நான் இட்லிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது, என் மனைவி ஆர்மோனியத்தின் மேல் காகிதத்தை விரித்து, தோட்டத்துப் புது உபதேசியாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். க்ஷேம விசாரணை ஒரு வரியோடு முடிந்திருந்தது. மனுச் செய்தவர்களின் பெயர், லயத்து எண், யார் யாருடைய பிறப்புச் சான்று எந்தக் கச்சேரியில் கிடக்கிறது என்ற விவரம் ஆகியவை இரண்டாம் பக்கத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தன. இட்லி ஆறுகிறது என்றேன். தபால் எடுக்கும் நேரத்தை விசாரித்து வரும்படி என்னை அனுப்பினாள்.