கண்ணுக்கும் கடைமடை உண்டு

குறுவை அறுப்பு வேலையில ரெண்டு வாரமா இங்கே எதுவும் எழுத முடியலை. இந்தத் தடவை வயலைப் பற்றி இல்லை, கண்ணைப் பற்றி. இதைப் படிக்கிறவங்கள்ல பாதிக்கு மேல பட்டணத்துல இருக்கீங்க. உங்களுக்குத்தான் இது அதிகம் உதவும்.

என் பெரியப்பா மகன் முப்பது வருஷமா ராயப்பேட்டையில் இருக்கிறார். வயசு 61. சர்க்கரை, பிரஷர் ரெண்டும் உண்டு. போன மாசம் ஒரு ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது வலது கண்ணுல திரை இறங்கின மாதிரி இருட்டிக்கிட்டு வந்திருக்கு. வலி இல்லை, சிவப்பு இல்லை, தண்ணி வடியலை. "வலிக்கவே இல்ல, காலையில பாத்துக்கலாம்"னு அண்ணிகிட்ட சொல்லிட்டு, வீட்டில் கிடந்த சொட்டு மருந்தை விட்டுக்கிட்டுப் படுத்துட்டார்.

1911இல் ஆரம்பிச்ச ராயப்பேட்டை அரசு மருத்துவமனை அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். 1819இல் தொடங்கின எழும்பூர் கண் ஆஸ்பத்திரியும் ஆட்டோவில் போகிற தூரம்தான். எங்க ஊர்ல ராத்திரியில ஒண்ணுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகும். எங்களுக்குத் தூரம் எதிரி. அண்ணனுக்கு எதிரி, வலி இல்லாததுதான்.

மறுநாள் கண்ணுக்குள்ள வெளிச்சம் அடிச்சுப் பார்த்திருக்காங்க. விழித்திரை வெளிறிப்போய், நடுவுல செர்ரிப் பழம் மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. விழித்திரைக்கு ரத்தம் கொண்டு போகிற குழாய் அடைச்சிருக்குன்னு சொல்லிட்டாங்க.

எனக்கு இது வாய்க்கால் கணக்காகத்தான் புரிஞ்சுது. கழுத்துல ஓடுற பெரிய ரத்தக் குழாய் ஆறு. அதிலிருந்து பிரிஞ்சு பிரிஞ்சு கண்ணுக்குப் போறது கடைசி வாய்க்கால். விழித்திரை கடைமடை வயல். ஆத்துல மிதந்து வர்ற ஆகாயத்தாமரை மதகுல சிக்கினா கடைமடைதான் முதல்ல காயும். அதே மாதிரி, கழுத்துக் குழாயின் சுவரில் படிஞ்ச கொழுப்பு பிய்ஞ்சு வரலாம். துடிப்பு தப்புகிற இதயத்தில் உறைஞ்ச ரத்தக்கட்டியும் கிளம்பி வரலாம். மூளையில் சிக்கினா பக்கவாதம், கண்ணில் சிக்கினா பார்வை போகும். அமெரிக்க இதயச் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கை இந்தக் கண் அடைப்பையும் பக்கவாதத்தின் ஒரு வகையாகவே சொல்கிறது.

நெற்பயிராவது தண்ணி இல்லாம சில நாள் தாங்கும். விழித்திரை தாங்காது. டாக்டர் சோஹன் சிங் ஹைரே குரங்குகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில், அடைப்பு 97 நிமிஷம் இருந்தும் விழித்திரை தப்பிச்சது. 240 நிமிஷம் ஆனபோது பெரும்பகுதி மீளவே இல்லை. அண்ணன் தூங்கி எழுந்ததுக்குள்ள அதைப்போல ரெண்டு மடங்கு நேரம் போயிருந்தது.

சீக்கிரம் போனா கட்டாயம் பார்வை திரும்பும்னு சொல்ல முடியாது. கண்ணை அமுக்கி விடுறது, கண் அழுத்தத்தைக் குறைக்க மருந்து தர்றது, ஊசியால கண்ணின் முன்பக்க நீரைக் கொஞ்சம் எடுக்கிறதுன்னு டாக்டர்கள் பல வழி பார்க்கிறாங்க. எதுவும் உறுதியான வைத்தியம் இல்லை. சில பக்கவாத மையங்களில், நாலரை மணி நேரத்துக்குள்ள வந்தவங்களுக்குக் கட்டியைக் கரைக்கிற ஊசி போடுறதும் உண்டு. நேரம் தாண்டிட்டா இந்த வழிகள் எல்லாமே அடைபட்டுடும்.

அண்ணனுக்கு வலது கண் திரும்பலை. ஆனா கழுத்தை ஸ்கேன் பண்ணினப்போ ரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறது தெரிஞ்சு, அதுக்கு வைத்தியம் ஆரம்பிச்சாச்சு. இந்த மாதிரி ஆனவங்களுக்கு அடுத்த சில வாரங்களில் பக்கவாதம் வருகிற ஆபத்து அதிகம். கண்ணு போச்சே, இனி என்ன செய்யறதுன்னு வீட்டுல உட்கார்ந்துடக் கூடாது. மூளையும் இன்னொரு கண்ணும் மிச்சம் இருக்கு.

"வலிச்சிருந்தா ஓடியிருப்பேன்டா தம்பி"ன்னார். அதுக்கு மேல பேசலை.

ஒரு கண் திடீர்னு மங்கினா, ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு குறிச்சுக்குங்க. 108ஐக் கூப்பிட்டு, பக்கவாத சிகிச்சை இருக்கிற ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்க. அஞ்சு நிமிஷத்துல பார்வை திரும்பி வந்தாலும் போங்க, அது எச்சரிக்கை. ஐம்பதைத் தாண்டினவங்களுக்கு நெற்றிப்பொட்டுல வலி, மெல்லும்போது தாடை வலி இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. அது ரத்தக் குழாய் வீக்கமா இருக்கலாம். உடனே ஸ்டீராய்டு கொடுத்தாத்தான் இன்னொரு கண்ணைக் காப்பாத்த முடியும்.

இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க: வலியே இல்லாம கண்ணு இருட்டினா, எத்தனை மணியானாலும் எங்களை எழுப்புங்க.