பதினைந்தாவது ஆண்டு

தில்லியில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் மாருதி 800 கார் 2005இல் வாங்கப்பட்டது. நாற்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடியதில்லை. 2019இல் கிளட்ச் தேய்ந்தது. மெக்கானிக் கேட்டது ஏழாயிரம் ரூபாய். புதிய காருக்கோ சில இலட்சம். கணக்கு எளிதுதான். ஆனால் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. எஞ்சியது ஓராண்டே. ஓடிய தொலைவோ கக்கும் புகையோ அன்று பொருட்டாக இருக்கவில்லை; பதிவுத் தேதி மட்டுமே அளவுகோலாக இருந்தது. தில்லியின் குளிர்காலக் காற்றைச் சுவாசிப்பவர் அவ்வாணையை வெறுக்கவும் இயலாது. எனினும், வாரம் ஒருமுறை நூலகம் செல்லும் காரையும் நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடும் காரையும் ஒன்றாக நிறுத்துவது நியாயமன்று. கிளட்சை மாற்றினார். அடுத்த ஆண்டு, தடையின்மைச் சான்று பெற்று, வண்டியைப் போபாலிலுள்ள தம்பிக்கு அனுப்பினார். இப்போது மெட்ரோதான், நிலையத்திலிருந்து நூலகம்வரையிலான அரைக் கிலோமீட்டர் மட்டும் முழங்காலுக்குச் சிரமம்.