படத்தில் உள்ள நாடி, உடலில் இல்லாத நாடி

நூலிலே வரையப்பட்ட உடல் ஒன்று. உலகிலே வாழும் உடல்கள் பலப்பல. வகுப்பறையிலே ஆண்டுதோறும் இதனைக் கூறிவரும் எமக்கு, வீட்டிலும் கூறவேண்டிய நாள் ஒன்று வந்தது.

தொண்டைமானாற்றில் வாழும் எம் தமக்கையாருக்கு ஓயாத தலையிடி. வைத்தியர் ஸ்கான் எடுப்பித்தார். மூளையின் அடியிலுள்ள சிறிய இணைப்பு நாடியொன்று காணப்படவில்லை என்றது அறிக்கை. "தம்பி, எனக்கு ஒரு நரம்பே இல்லையாம்" என்ற தமக்கையார் அன்றிரவு உண்ணவில்லை. வீட்டார் சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைக்கலாயினர்.

மூளை உடல் நிறையில் ஏறக்குறைய 2 வீதமே. ஆயினும் இதயம் அனுப்பும் இரத்தத்தில் 15 வீதமளவைப் பெறுகின்றது. அதனைக் கொணர்வன நான்கு நாடிகள்: கழுத்தின் முன்புறத்தே இரண்டு, கழுத்தெலும்புகளை ஊடறுத்துச் செல்வன இரண்டு. இவற்றின் கிளைகள் மூளையின் அடியிலே கூடி வளையமாகின்றன. 1664இல் ஆங்கில வைத்தியர் தோமஸ் வில்லிஸ் அதனை விளக்கி எழுதியமையால் 'வில்லிஸ் வளையம்' என்பர். மாரியிலே ஓர் ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் மற்றோர் ஒழுங்கையாற் கோயிலை அடைகின்றோமல்லவா? அவ்வாறே ஒரு நாடி அடைபட்டால், மற்றொன்றின் இரத்தம் வளையத்தினூடே சுற்றிவரக் கூடும்.

ஆனால், நூற்படத்திற் காணும் நிறைவான வளையம் பாதிக்கும் குறைவானவரிடமே உண்டென்பது பல ஆய்வுகளின் முடிவு. சிலருக்கு இணைப்பு நாடி நூல்போல் மெலிந்திருக்கும், சிலருக்கு இராது. அரிதாக, மூளையின் முற்பகுதிக்கு இரண்டு நாடிகளுக்குப் பதிலாக ஒன்றே செல்லும். ஆயிரத்திற் சிலருக்கு, கருவிலே தோன்றி மறையவேண்டிய நாடியொன்று மறையாது ஆயுள் முழுவதும் நிலைக்கும். சத்திரசிகிச்சை செய்வோர் இவற்றை முன்னரே அறிந்திருத்தல் அவசியம்.

இவற்றைத் தமக்கையாருக்குத் தமிழிலேயே விளக்கினோம். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் கிறீன் வைத்தியர் தமிழில் வைத்தியம் கற்பித்த மண்ணல்லவா இது! "அப்படியானால் இத்தனை காலமும் அது இல்லாமலேயா உங்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டேன்?" என்று சிரித்தார் அவர்.

பிறவியிலமைந்த வேறுபாடு வேறு, நோய் வேறு. அறிக்கையிற் காணும் ஒரு சொல்லுக்காக அஞ்சிச் சோராது, அதன் பொருளை வைத்தியரிடமே கேட்டறிக. எனினும் வாய் கோணுதல், ஒரு பக்கக் கை சோருதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை திடீரெனத் தோன்றினால், வளையம் நிறைவானதோ குறைவானதோ என எண்ணிக்கொண்டிராது, உடனே வைத்தியசாலைக்கு விரைக. அங்கே அஞ்சவேண்டியது தாமதத்துக்கே.