சிறகு வைத்த குதிரை

சூளகிரியில் நம் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி ஒன்று உண்டு. மேல்தட்டில் கிதாபுகள், கீழ்த்தட்டுகளில் மரப்பொம்மைகள். வருவோரெல்லாம், "ஹஜ்ரத்துக்கு இந்த வயதில் பொம்மை ஆசையா?" என்று நகைப்பர். நாமும் உடன் நகைத்து வைப்போம்.

இவ்வாசை நம்மைப் பற்றியது சென்னபட்டணத்தில். பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் சுமார் 60 கிலோமீட்டரில் உள்ளது அவ்வூர். பாரசீகக் கைவினைஞரை வரவழைத்து இத்தொழிலை அங்கு வளர்த்தவர் திப்பு சுல்தான் என்பது வழிவழிச் செய்தி. இன்றும் அப்பட்டறைகளில் நம் சமுதாயத்தார் பலர் உழைக்கின்றனர். வெட்பாலை மரத்துண்டைக் கடைசலில் சுழலவிட்டு, வண்ண அரக்குக் குச்சியை அதன்மீது அழுத்துகின்றனர். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படிகிறது. தாழை ஓலையால் தேய்த்ததும் மெருகேறுகிறது.

வண்ணமேற்றாத உருவங்களைக் கேட்டு வாங்கிவந்து, நாமே கோலம் தீட்டலானோம். ஜப்பானில் கொகேஷி என்னும் கடைசற் பாவைகளைப் பெரியவர்களே தேடிச் சேர்க்கின்றனர். 2001இல் அங்கு வெளிவந்த பேர்பிரிக் என்னும் கரடிப் பொம்மையும், ஓவியர் பலரின் கைவண்ணத்தில் புதுப்புதுக் கோலம் பூண்டு வளர்ந்தோரின் அலமாரிகளில் அமர்ந்திருக்கிறது. நம் ஆசை புதுமையன்று என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

சென்ற விடுமுறையில் மகள் வயிற்றுப் பேத்தி வந்திருந்தாள், ஐந்து வயது. நாம் அஸர் தொழுது திரும்பியபோது அலமாரி திறந்திருந்தது. மூன்று மாதம் முயன்று சேணம் தீட்டிய குதிரை, நீர்த்தொட்டியருகே கால் ஒடிந்து கிடந்தது.

"யாரைக் கேட்டுத் தொட்டாய்?" என்று அதட்டினோம்.

"அதற்குத் தாகம், நன்னா. தண்ணீர் காட்டினேன்" என்றாள். அன்றிரவு அவள் உண்ணவில்லை.

நமக்கும் உறக்கமில்லை. முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு ஓதிக் கொடுத்த அபூதாவூதின் ஹதீஸ் ஒன்று நெஞ்சில் எழுந்தது. பயணத்திலிருந்து மீண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், காற்றில் திரை விலக, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பாவைகளைக் கண்டார்கள். நடுவே ஒரு குதிரை. அதற்குத் துணித்துண்டுகளால் இரு சிறகுகள். குதிரைக்குச் சிறகுண்டோ என்று வினவ, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இருந்தனவாமே என்று அன்னையார் விடையிறுத்தார்கள். நாயகம் அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

குழந்தைகளின் பொம்மைக்கு மார்க்க அறிஞர் பலர் இசைவளித்தது விளையாட்டை முன்னிட்டன்றோ? நாமோ அவ்விசைவைச் சொல்லிப் பொம்மைகளைச் சேர்த்தோம். விளையாட வந்த குழந்தையை விரட்டினோம். ஓதிக் கொடுத்தது நாவோடு நின்றுவிட்டதே என்று நாணினோம்.

விடிந்ததும் அலமாரிச் சாவியைப் பேத்தியின் கையில் கொடுத்தோம். ஒடிந்த காலை வச்சிரம் காய்ச்சி ஒட்டினோம். அவள் விரும்பியபடி, பழைய தாவணித் துணியை வெட்டி இரு சிறகுகள் வைத்தோம். ஒன்று சற்றே கோணல், அதுதான் அழகென்றாள்.

குதிரை அவளுடன் ஊர் போய்விட்டது. அலமாரியில் அதன் இடம் வெறுமையாகவே இருக்கிறது. அதை நிரப்ப நாம் முயலவில்லை.