சோழகம் பிறக்குமுன்

வாடை ஓய்ந்துவிட்டது, சோழகம் இன்னும் பிறக்கவில்லை. மாசிக் கடைசி முதல் சித்திரை வரை, இவ்விரு காற்றுகளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில், எங்கள் கீழக்கரையின் கடல் தட்டில் ஊற்றி வைத்த எண்ணெய் போல அசையாது கிடக்கிறது. வெளியூரார் கோடையென்றால் வெயிலை நினைப்பார்கள். எங்களுக்கோ அது முதலில் ஒரு மௌனம். இரவில் படுக்கையில் கேட்டுக்கொண்டிருந்த அலையோசை திடீரெனக் கேட்காமற் போகும். வீட்டிலுள்ள முதியவர்கள் விழித்தெழுந்து, 'கடல் இறங்கிவிட்டது' என்பார்கள். அன்றிலிருந்து எங்களுக்குக் கோடை.

இந்த அமைதி எப்படி வருகிறது என்பதைக் கடலறியாத வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள் உண்டு. பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஒன்றை வடகடல் என்றும் மற்றதைத் தென்கடல் என்றும் எங்கள் மக்கள் சொல்வார்கள். வாடைக்காலத்தில் வடகடல் குமுறும். தென்கடல் ஓரளவு அடங்கியிருக்கும். வைகாசி தொட்டுச் சோழகமும் கச்சானும் வீசத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகி, தென்கடல் கொந்தளிக்க, வடகடல் குளம்போலாகும். ஆகவே காற்றுக்குத் தக்கபடி பாம்பன் கால்வாய் வழியே படகுகளை ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குக் கொண்டு போய்ப் பிழைப்பது பழைய வழக்கம். இரண்டு கடலும் ஒருசேர இளகிக் கிடப்பது இந்தச் சில வாரங்களில் மட்டுமே. முன்னாளில் முத்துக் குளிப்பும் பங்குனி, சித்திரை மாதங்களை ஒட்டியே நடந்தது. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக் குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

சுபுஹுத் தொழுகை முடித்துக் கடற்கரைப் பக்கம் நடந்தால், இரவு வலை விரித்த வத்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருக்கும். விளைமீன், நகரை, ஓரா, பாறை என்று மணலில் குவியல் குவியலாகக் கிடக்கும். காரலும் சூடையும் கூடைக் கணக்கில் வரும். ஏலம் கூறுபவரின் குரலில் ஓர் ஓட்டம் உண்டு. தொகையை அவர் சொல்கிறாரா பாடுகிறாரா என்று வெளியூரார்க்கு விளங்காது. இந்நாட்களில் வாங்கும் மீனுக்கு வீட்டில் துணையாகக் காத்திருப்பது மாங்காய். பச்சை மாங்காயைப் பிளந்து போட்டுக் காய்ச்சிய மீன் ஆனத்துக்கு ஈடு வேறொன்றில்லை என்பது எங்கள் துணிபு. ஊரை விட்டுச் சென்னையிலும் கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் எங்கள் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்ததும் முதலில் கேட்பது இதைத்தான். நுங்கும் பதநீரும் வரும் காலமும் இதுவே. குருத்தோலையைக் காய வைத்துக் கொட்டான் முடையும் பெண்கள் திண்ணையில் கூடும் காலமும் இதுவே. ஆனால் இவற்றைப் பற்றியெல்லாம் எழுதியவர்கள் பலர். நாம் கடற்கரைக்கே திரும்புவோம்.

கரையேற்றிய படகுகளை யாரும் நின்று பார்ப்பதில்லை. கடலில் மிதக்கும் படகு அழகுதான். ஆனால் அதன் பாதி உடம்பு நம் கண்ணுக்கு மறைவு. உருளைகளை இட்டு, வடம் கட்டி, பதினைந்து இருபது பேர் 'ஏலேலோ' போட்டு இழுத்து மணலில் சாய்த்து வைத்த பின்னரே அதன் அடி தெரியும். ஆண்டு முழுதும் உப்பு நீரில் ஊறிய பலகையில் சிப்பிகள் ஒட்டிச் சொரசொரவென்றிருக்கும். அங்கங்கே கப்பற்புழு துளைத்த துளைகள், ஊசி குத்தியவை போலச் சிறியவையாய்த் தெரியும். உளியால் தட்டிப் பார்த்தால் உள்ளே பலகை இற்றுப்போயிருக்கும்.

இதைத் தட்டிப் பார்த்தே அறிபவர் ஓடாவி. படகு கட்டும் தச்சருக்குப் பழைய பெயர் அது. எங்கள் கரைக்கு வரும் முதியவர் ஒருவர், சுத்தியலின் பின்பக்கத்தால் பலகையை அணியத்திலிருந்து அமரம் வரை தட்டிக்கொண்டே நடப்பார். நல்ல பலகை ஒலிக்கும்; கெட்டது மொத்தென்று அடங்கும். அடங்கிய இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. பிறகு சிப்பிகளைச் சுரண்டி, தென்னோலை கொளுத்தி அடியில் இளஞ்சூடு காட்டி, பலகைக்கும் பலகைக்கும் இடையேயுள்ள பழைய பஞ்சைக் கிளறி எடுப்பார்கள். புதிய பருத்திப் பஞ்சைத் திரித்து, முனை மழுங்கிய உளியால் இடைவெளியில் அடித்து இறுக்குவது கலப்பத்து எனப்படும். அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசப்படும். குங்கிலியம் காயும் மணம் கரையெங்கும் பரவும். மணமென்று நாங்கள் சொல்கிறோம். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வதையும் கண்டிருக்கிறோம்.

வங்குகளுக்கு, அதாவது படகின் விலாவெலும்புகளுக்கு, நேரான மரம் உதவாது. வாகையிலும் வேம்பிலும் இயற்கையாகவே வளைந்த கிளைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். பாலத்துக்கு மரம் பார்ப்பவன் நேரானதைத் தேடுவான். ஓடாவியின் கண் கோணலைத் தேடும். வேலியோரத்தில் நிற்கும் மரமொன்றைக் காட்டி, "மரைக்காயரே, இதை வெட்டுற அன்னைக்கு எனக்குச் சொல்லியனுப்புங்க. அந்தக் கொப்பு ஒரு வத்தைக்கு உள்ளது" என்று அவர் எங்கள் வீட்டு வாப்பாவிடம் சொல்லி வைத்தது பல ஆண்டுகளுக்கு முன்பு. மரம் இன்னும் நிற்கிறது. வத்தைகளோ குறைந்துவிட்டன. கண்ணாடியிழையில் வார்த்த பைபர் வள்ளங்கள் வந்துவிட்டன. அவற்றுக்குக் கலப்பத்தும் வேண்டாம், குங்கிலியமும் வேண்டாம். விலையும் உழைப்பும் கருதி அவற்றை வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. பலகையை இற்றுப்போகச் செய்யும் புழு, வயிற்றுப்பாட்டுக்குக் கடலுக்குப் போகிறவனுடைய பணத்தையும் சேர்த்தே தின்கிறது.

எனினும் ஒன்று உறுத்துகிறது. மரைக்காயர் என்னும் பெயர் மரக்கலத்தால் வந்தது என்பர் ஒரு சாரார்; 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லே மூலம் என்பர் மற்றொரு சாரார். எப்படிப் பார்த்தாலும் கலமே அப்பெயரின் வேர். பதினேழாம் நூற்றாண்டில் கப்பல்களால் பொருளீட்டி, உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் ஊர் இது என்று எங்கள் மேடைகளில் முழங்காத நாளில்லை. அந்தக் கப்பல்களைக் கட்டிய கைகள் யாருடையவை, எந்த மரத்தால் கட்டினார்கள், ஏராவுக்கு எதைப் போட்டார்கள் என்று எந்த மேடையிலும் யாரும் கேட்டு நாங்கள் அறியோம். அணியம், அமரம், பருமல், தாமான் என்ற சொற்களைப் பள்ளியில் படிக்கும் எங்கள் பிள்ளைகளிடம் சொன்னால் விழிக்கிறார்கள். கரையிலுள்ள மீனவர் வீட்டுப் பிள்ளைகளிலும் பாதிப் பேருக்கு எந்திரத்தின் உறுப்புகள் தெரிகின்றன. பாயின் உறுப்புகள் தெரியவில்லை.

ஏப்ரல் 15 பிறந்ததும் கரையின் கணக்கு மாறுகிறது. மீன்கள் இனம் பெருக்கும் காலமென்று விசைப்படகுகள் கடலுக்குள் செல்ல அன்றிலிருந்து தடை. தமிழ்நாட்டில் இத்தடை 2001இல் 45 நாட்களாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாட்களாக நீண்டு, ஜூன் 14இல் முடிகிறது. இராமேசுவரம், மண்டபம், பாம்பன் துறைகளில் விசைப்படகுகள் வரிசையாக ஓய்ந்து நிற்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை. எனவே கடலும் இளகி, இழுவலையும் இல்லாது, மீனுக்கு விலையும் ஏறிய இந்த இரண்டு மாதங்கள் எங்கள் வத்தைக்காரர்களுக்கு அறுவடைக்காலமாக அமைந்திருக்க வேண்டும்.

அப்படி அமைவதில்லை. விசைப்படகில் கூலிக்குப் போன ஆட்கள் எங்கே போவார்கள்? ஊருக்குத்தான் வருவார்கள். தடைக்கால நிவாரணமாக ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கிடைத்துவந்தது. அது 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்ற அறிவிப்பு 2023இல் வந்தது. இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்குப் போதும் என்பதைக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் ஒரு புறம் நிற்க, பள்ளிக்கூடம் திறந்தால் வரும் செலவு மறுபுறம் நிற்க, அந்த ஆட்கள் தங்கள் மைத்துனன் வத்தையிலோ மாமன் வத்தையிலோ ஏறிக்கொள்கிறார்கள். நால்வர் போதுமான வத்தையில் அறுவர். செலவு போகக் கிடைத்த பணத்தைப் படகுக்கும் வலைக்கும் இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரிக்கும் முறையில், ஆள் கூடினால் ஒவ்வொருவர் பங்கும் மெலியும். 'இறங்கு' என்று யாரும் சொல்வதில்லை. ஒரு சம்மாட்டியிடம் இதைக் கேட்டோம். மணலைப் பார்த்தபடி, "வந்து நிக்கிறவன் என் ராத்தா மகன். அவன்கிட்ட நான் கணக்குப் பேசவா, தம்பி?" என்றார். பிறகு சிறிது நேரம் கழித்து, "எல்லாருக்கும் அல்லா பரக்கத்தைப் போடுவான்" என்றார். அவர் முகத்தில் நம்பிக்கையும் இருந்தது, களைப்பும் இருந்தது.

இனி, கோடையில் மட்டும் காணக்கூடிய மற்றொன்றைச் சொல்ல வேண்டும். நீர் தெளிந்த நாட்களில் வத்தையின் விளிம்பில் சாய்ந்து பார்த்தால் கடலின் அடி தெரியும். எங்கள் ஊருக்கு எதிரே வாலிமுனை, அப்பா தீவு, தலையாரி, வாழை, முல்லி என்று தீவுகள் வரிசையாக உள்ளன. தூத்துக்குடி முதல் பாம்பன் வரையுள்ள இத்தகைய 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள். எங்கள் மக்கள் 'பார்' என்பார்கள். சங்கு குளித்த பெரியவர்களின் ஞாபகத்தில் அவை பூந்தோட்டங்கள். ஆழத்தில் மான்கொம்பு போலக் கிளைத்து, பழுப்பும் பச்சையும் ஊதாவுமாக நின்றனவாம்.

பவளம் கல்லல்ல, உயிர். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசியே அதற்கு நிறமும் தருகிறது. உணவில் பெரும்பகுதியையும் தருகிறது. கோடையில் நீர் அளவுக்கு மீறிச் சூடேறி, அச்சூடு வாரக்கணக்கில் நீடித்தால் பவளம் அப்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்து நிற்கும். சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது கடுமையாக நேர்ந்தது. காற்றில்லாத கடலை நாங்கள் பாக்கியமாகக் கொண்டாடுகிறோம். அலை புரளாமல் வெயிலில் காய்ந்து சூடேறும் அந்த நீரே பாருக்கு நஞ்சாகிறது.

வெப்பத்தின்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. அந்தத் தீவுகளில் இரண்டு இன்று நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. அவற்றுள் ஒன்றான பூவரசன்பட்டி எங்கள் ஊர்த் தீவு வரிசையைச் சேர்ந்தது. அலையைத் தடுத்து நின்ற பவளக் கற்களைப் பல்லாண்டுக்காலம் வெட்டிக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாய்களில் நீற்றினார்கள், கட்டடங்களுக்கும் வைத்தார்கள். இக்கரையோரப் பழைய வீடுகளின் மதிலில் காரை உதிர்ந்த இடத்தை உற்றுப் பாருங்கள். தேனடை போலக் கண்கண்ணாக ஒரு கல் தெரியும். எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரிலும் உண்டு. கோடையில் அச்சுவர் குளிர்ச்சியாயிருக்கும் என்று சொல்லி உம்மம்மா அதன் ஓரமாகவே தண்ணீர்ப் பானையை வைப்பார். அந்தக் குளிர்ச்சி எங்கிருந்து எடுத்து வரப்பட்டது என்று அக்காலத்தில் கேட்டவர் யார்? 2001 முதல் பவளத்தை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடல் அட்டை பிடிப்பதும் அதே ஆண்டில் தடையாயிற்று.

சட்டம் நல்லதே. ஆனால் காளவாய்க்குக் கல் விற்றவர்கள் பொருள் சேர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்; தீவுக்கருகே எல்லை தாண்டிவிட்டாய் என்று பிடிபட்டு நிற்கிறவன், உடைமரக் குச்சியால் கூடு பின்னி மீனுக்கு வைக்கும் ஏழை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி எடுக்கும் ஏர்வாடிப் பக்கத்துப் பெண்களும் அவ்வாறே அஞ்சி அஞ்சிப் பிழைக்கிறார்கள். பாரைக் காக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு இரு கருத்தில்லை. காவலின் சுமை யார் தோளில் ஏற்றப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் கேள்வி.

சித்திரை பாதி கடந்தது. ஒரு நாள் அஸருக்குப் பின், தெற்கிலிருந்து வந்த காற்று ஓலைக் கீற்றுகளைச் சற்றே திருப்பிப் போட்டது. ஓடாவி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் அஞ்சாறு நாள், அதுக்குள்ள தள்ளிரணும்" என்றார். கலப்பத்து முடிந்திருந்த வத்தையை மறுநாள் மாலையே நீரில் இறக்கினார்கள். சிறுவர்களுக்குச் சர்க்கரை வழங்கப்பட்டது; லெப்பை துஆ ஓதினார்.

கரையில் காய்ந்த பலகை நீர் குடித்துப் பருத்தால்தான் இடைவெளிகள் அடைபடும். அதுவரை படகுக்குள் நீர் கசிந்துகொண்டே இருக்கும். இஷா முடிந்து நாங்கள் வீடு திரும்பும்போதும், அரிக்கேன் விளக்கொன்றை அணியத்தில் தொங்கவிட்டு, சம்மாட்டியும் அவருடைய ராத்தா மகனும் மாறி மாறித் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள்.