இரண்டு சதவீதத்துக்குள் ஒரு ஊர்

ஒரு மாதத்துக்கு 720 மணி நேரம். அதில் இரண்டு சதவீதம் என்றால் பதினாலரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2009-இல் ட்ராய் போட்ட விதிப்படி, ஒரு கம்பெனியின் டவர்கள் மொத்தமாகச் செத்துக் கிடக்கும் நேரம் அந்த அளவைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. எந்த சிம் நம்பகமானது என்று ஒப்பிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த இந்தப் பட்டியலைத்தான் நானும் முதலில் தேடினேன்.

காரணம் அம்மா. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை மீறியது. பத்தமடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. கரண்ட் போச்சு, பின்னாலேயே டவரும் போச்சு. சென்னையில் உட்கார்ந்து இரண்டு நாள் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

பட்டியலின் கணக்கு இப்படி. ஒரு கம்பெனிக்கு மாநிலத்தில் பத்தாயிரம் டவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் நூறு, மூன்று நாள் முழுக்கப் படுத்துவிடுகின்றன. மொத்த நேரத்தில் அது 0.1 சதவீதம். பாஸ். 24 மணி நேரத்துக்கு மேல் செத்த டவர்கள் இரண்டு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. இங்கே ஒரு சதவீதம்தான். அதிலும் பாஸ். நூறு ஊர் வாய் பேசாமல் கிடந்தது சராசரியில் கரைந்துவிடுகிறது.

2024-இன் புது விதி மாவட்ட அளவுக்கு இறங்கி வந்திருக்கிறது. பெரிய துண்டிப்பு 24 மணி நேரத்தைத் தாண்டினால் வாடிக்கையாளருக்குக் கழிவு தர வேண்டும். நல்லதுதான். ஆனால் இயற்கைப் பேரிடரால் வந்த துண்டிப்பு அந்தக் கழிவில் சேராது. நமக்கு லைன் உயிராகத் தேவைப்படும் அதே நாட்கள்!

சரி, ரெண்டு சிம் போட்டால்? தெருவில் விசாரித்தேன். இரண்டு கம்பெனி சிம்மும் ஒரே ராத்திரியில் அடங்கியிருந்தன. இரண்டின் ஆன்டெனாவும் ஒரே டவரில். ஒரே பேட்டரி, ஒரே டீசல்.

"பேரு ரெண்டு, கம்பம் ஒண்ணுதானா?" என்றாள் அம்மா. "அப்போ வேற கம்பத்துல இருக்கத வாங்கிக் குடு."

எந்த அட்டவணையிலும் அந்தக் கட்டம் இல்லை. ஊரில் எத்தனை டவர், எதில் யார் தொங்குகிறார்கள், கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைத் தெருத்தெருவாகக் கேட்டுத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.